வாரக் கணக்கில் எழுதுங்கள்: வேலையையும் வீட்டையும் விடாமல் எழுதத் தொடங்குவோருக்கு

எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை ‘தினமும் எழுது’ என்பதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகள் பலவற்றுக்கு அது ஒத்துவராது. ஓசூர் சிப்காட்டுக்குப் போகிறவருக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட். பெங்களூரில் வேலை பார்ப்பவர் திங்கள் விடியற்காலை கிளம்பினால் சனி இரவுதான் திரும்புவார். பட்டுப்புழு வளர்க்கும் வீட்டில் புழு அகோரமாகத் தழை தின்னும் வாரத்தில் வீட்டார் உட்கார்ந்து சாப்பிடவே நேரம் இருக்காது. இப்படிப்பட்ட வீடுகளில் தினக் கணக்கு மூன்றாம் நாளே உடைந்துவிடும். உடைந்ததும் ‘நமக்கெல்லாம் இது சரிப்படாது’ என்று நோட்டை மூடிவிடுகிறார்கள்.

அதனால் கணக்கை வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் 40 நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரம். இதற்குமேல் ஆசைப்பட்டால் தூக்கமோ வீடோ அடிபடும். இதற்குக் குறைந்தால் போன தடவை எழுதியதை நினைவுக்குக் கொண்டுவருவதிலேயே நேரம் போய்விடும்.

முதல் வேலை: காலண்டரில் குறிப்பது

வீட்டில் தொங்கும் மாதக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நான்கு வாரத்துக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட், என்றைக்கு ஆஃப், எந்த நாளில் கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடக் கூட்டம் என்பதை முதலில் எழுதுங்கள். எழுதும் நேரத்தைக் குறிப்பது அதற்குப் பிறகுதான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எழுதும் நேரத்தை முதலில் வைத்துவிட்டு, வீட்டு வேலை குறுக்கே வரும்போதெல்லாம் எரிச்சல்படுகிறார்கள்.

ஷிப்ட் நேரம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6 என்று வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். கம்பெனி பஸ் ஆளாளாக ஏற்றிக்கொண்டு போவதால் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி என்று கணக்கில் சேருங்கள்.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் மூன்றரை மணிவாக்கில் வீட்டுக்கு வந்துவிடலாம். வந்த கையோடு நோட்டை எடுக்காதீர்கள். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்த உடம்பு அது. ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர்களோடு டீ குடியுங்கள். ஆறு மணிக்கு அவர்கள் வீட்டுப்பாடம் எழுத உட்காரும்போது அதே மேசையிலோ பாயிலோ நீங்களும் உட்காருங்கள். ‘அப்பாவும் ஹோம்ஒர்க் எழுதுறார்’ என்று பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஒன்பதுக்குப் படுத்துவிட வேண்டும்.

செகண்ட் ஷிப்ட் வாரம்தான் எழுத்துக்குச் சிறந்தது. இரவு பதினொன்றரைக்கு வந்து, படுக்கப் பன்னிரண்டரை ஆகிவிடும். இந்த வாரத்தில் ஒரு ஆபத்து உண்டு: நீங்கள் எழும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள், திரும்பும்போது தூங்கியிருப்பார்கள். ஆறு நாள் ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்க்காமல் போய்விடும். ஆகவே ஏழு மணிக்கு எழுந்து அவர்களோடு சாப்பிட்டு, பள்ளிக்கூட வாகனம் வரை கொண்டுபோய் விட்டுவாருங்கள். வந்து ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால் பத்து மணிக்குத் தலை தெளிவாக இருக்கும். பத்தரை முதல் பதினொன்றே கால் வரை எழுதலாம். மூன்று அமர்வையும் இந்த நேரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நைட் ஷிப்ட் வாரத்தில் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். காலை ஏழரைக்கு வந்து ‘ஒரு அரை மணி எழுதிவிட்டுப் படுக்கலாம்’ என்று உட்கார்ந்தால் அது பத்து மணி ஆகிவிடும். வெயில் ஏறிய பிறகு தூக்கம் பிடிக்காது. அந்தக் குறைத் தூக்கத்தோடு இரவு மெஷின் முன்னால் நிற்பதும், பஸ் ஏறும் இடம் வரை நெடுஞ்சாலையில் பைக் ஓட்டுவதும் உயிருக்கே ஆபத்து. இந்த வாரத்தில் மாலை ஐந்து மணிக்குமேல் முன்பு எழுதியதைப் படித்துத் திருத்துவதோடு நிறுத்துங்கள். மூன்று வாரத்தில் ஒரு வாரம் திருத்தம் என்று தானாகவே அமைந்துவிடுகிறது, அது எழுத்துக்கும் நல்லது.

விவசாய வீட்டுக் கணக்கு வேறு. பட்டுப்புழுவில் நான்காம் தோலுரிப்பு முடிந்தபின் வரும் ஏழு எட்டு நாள், அதற்குப் பின் சந்திரிகையில் (புழு கூடு கட்டும் மூங்கில் தட்டு) விட்டுக் கூடு அறுத்து அங்காடிக்குக் கொண்டுபோகும் வரை, எழுத்து முழுவதும் பூஜ்யம் என்று முன்கூட்டியே காலண்டரில் போட்டுவிடுங்கள். அடுத்த முட்டைத்தொகுதி எடுக்கும்வரை கிடைக்கும் இடைவெளியில் வாரத்துக்கு ஐந்து அமர்வு உட்கார்ந்து ஈடுகட்டலாம். மா வைத்திருப்பவர்களுக்கு மே, ஜூன் அப்படித்தான். முன்பே குறித்து வைத்த பூஜ்யம் மனதை உறுத்தாது, குறிக்காமல் விட்டுப்போன நாள்தான் உறுத்தும்.

வீட்டில் பேசுவது

இதைத் தவிர்த்துவிட்டு எழுதத் தொடங்குகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ‘எழுதப் போகிறேன்’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ‘செவ்வாய், வியாழன், சனி, ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை’ என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். ஆறே முக்காலுக்கு எழுந்தும் விடுங்கள். நேரம் முடிந்ததும் எழுந்திருக்கிறவரைத்தான் வீடு நம்பும்.

எழுதுகிறவர் பெண்ணாக இருந்தால் காலண்டரில் குறிப்பது மட்டும் போதாது. காலையில் சமையல், துணி, பிள்ளைகள், மாமியாருக்கு மாத்திரை, மாலையில் மாடு, இரவில் பாத்திரம் என்று ஓடுகிற வீட்டில் ‘ஓய்வு நேரம்’ என்று ஒன்று கிடையாது. அவர் 40 நிமிடம் உட்கார வேண்டுமென்றால் இன்னொருவர் 40 நிமிட வேலையைக் கையில் எடுக்க வேண்டும். எந்த வேலை, யார், என்றைக்கு என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். உதாரணமாக, வாரத்தில் மூன்று இரவு பாத்திரம் கணவர் பொறுப்பு, இரண்டு மாலை சின்னவனைப் படிக்க வைப்பது மூத்த பெண்ணின் பொறுப்பு. ‘கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க’ என்று கேட்டு வாங்கும் உதவி இரண்டு வாரம்கூட நிற்காது. கணவன் மனைவி இருவருக்கும் எழுதவோ, படிக்கவோ, தைக்கவோ, வேறு எதற்கோ ஆசை இருந்தால் இருவருக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்குங்கள்.

வாரத்தில் கிடைக்கும் ஒரு ஆஃப் நாளை எழுத்துக்குக் கொடுக்கவே கூடாது. அது வீட்டாருடையது. நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியதில் பாதியை அடுத்த வாரம் அடித்துத்தான் ஆக வேண்டியிருக்கும், சண்டை மட்டும் மிஞ்சும்.

கருவிகள்

ஒரு லாங்சைஸ் கோடு போட்ட நோட்டு, இரண்டு பேனா, சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு சின்னக் குறிப்பு நோட்டு. 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இ.எம்.ஐ.யில் லேப்டாப் வாங்கிவிட்டு எழுதத் தொடங்குவது வேண்டாம். தவணை தலைக்குமேல் நிற்கும்போது ஒவ்வொரு வாக்கியமும் ‘இதற்கு என்ன வரும்படி’ என்று கேட்கும். கையில் இருக்கும் ஃபோனே போதும். தமிழ்99 விசைப்பலகையை இரண்டு வாரம் பொறுமையாகப் பழகினால், ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றுவதைவிட விரல் குறைவாகவே ஓடும்.

குரல் தட்டச்சும் உதவும். ஐந்து நிமிடம் நிதானமாகப் பேசினால் முந்நூறு சொல் வரை வந்துவிடும். ஊர்ப்பெயர்களை அது தப்பாக எழுதும், ‘ள’வும் ‘ல’வும் இடம் மாறும், நிறுத்தக்குறி இருக்காது. பேசியதை அன்றே திருத்திவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் என்ன சொன்னோம் என்று உங்களுக்கே பிடிபடாது.

அமர்வில் என்ன செய்வது

முதல் ஐந்து நிமிடம் போன தடவை எழுதிய கடைசிப் பத்தியைப் படியுங்கள். அடுத்த முப்பது நிமிடம் எழுதுங்கள், இடையில் திருத்தாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தில், அடுத்து என்ன வர வேண்டும் என்பதை இரண்டு வரியில் குறித்துவிட்டு எழுந்திருங்கள். அந்த இரண்டு வரிதான் முக்கியம். மூன்று நாள் இடைவெளிக்குப் பிறகு வெற்றுத்தாளை வெறித்துப் பார்க்கும் நிலை வராது. நோட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 120 சொல் பிடிக்கும். ஒரு அமர்வுக்கு ஒன்றரைப் பக்கம் வந்தால் நல்ல வேகம்.

முதல் மாதத்தில் நாவலைத் தொடாதீர்கள். 400 சொல்லில் ஒரு கட்டுரை அல்லது ஒரு காட்சி. முதல் வாரம் எழுதி முடிப்பது, இரண்டாம் வாரம் அப்படியே போட்டு வைப்பது, மூன்றாம் வாரம் வாய்விட்டுப் படித்துத் திருத்துவது, நான்காம் வாரம் நல்லபடியாகப் பிரதி எடுப்பது. வாய்விட்டுப் படிக்கும்போது மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். பொருளுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. தக்காளி விலை விழுந்த வாரத்தில் பாலக்கோடு மண்டியில் பேசிக்கொள்வது, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகள், புளி தட்டும் திண்ணைகள் என்று நீங்கள் நேரில் பார்த்தது எல்லாமே பொருள்தான். வெளியூர்க்காரர் நினைத்தாலும் அதை எழுத முடியாது.

போக்குவரத்து நேரத்தில் எழுதுவதைவிடக் கவனிப்பது நடக்கும். தருமபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக ஓசூருக்குப் போகும் ரயிலில் இடம் கிடைத்தால் நிம்மதியாகப் படிக்கலாம். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லை, பஸ்தான். பஸ் குலுக்கலில் படித்தால் தலை சுற்றும். காதில் விழும் பேச்சில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு கண்ணை மூடித் தூங்குங்கள்.

கைக்கு அடங்கும் சந்தோஷங்கள்

மாதம் 600 ரூபாயைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். சினிமா, ஓட்டல் செலவு தனிக் கணக்கு, அது இதில் சேராது. இந்தப் பணம் மூன்று சின்ன விஷயத்துக்கும் ஒரு வெளிப்பயணத்துக்கும் போதும். எங்கே போவது என்பதை மாறி மாறி ஒவ்வொருவரும் சொல்லட்டும். எழுதுகிறவரே ஒவ்வொரு முறையும் இடம் சொன்னால், ‘அவர் கதைக்காக நம்மை இழுத்துக்கொண்டு போகிறார்’ என்று வீட்டாருக்குத் தோன்றிவிடும்.

காசே ஆகாதது ஞாயிற்றுக்கிழமைக் களி. நான்கு பேருக்கு அரைத் தம்ளர் நொய்யை அரைமணி ஊறவைத்து, ஐந்தரைத் தம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். நன்றாகக் கொதிக்கும்போது ஒரு தம்ளர் கஞ்சித் தண்ணீரை மொண்டு தனியே வைத்துவிடுங்கள். இரண்டு தம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் குவியலின் நடுவே ஒரு ஓட்டை போட்டு, மூடித் தீயைக் குறைத்து எட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். அதுவரை கிளறக் கூடாது. அவசரப்பட்டுக் கிளறினால் மாவு கட்டி தட்டி உள்ளே பச்சையாக நிற்கும். பிறகு இறக்கி வைத்து, பாத்திரத்தைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு துடுப்பால் அழுத்திக் கிண்டுங்கள். இறுகினால் மொண்டு வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். ஈரத்தட்டில் போட்டு உருட்டி, கீரைக் கடைசலோடு சாப்பிடலாம். மார்கழி, தையில் பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஒருவர் மாவு கொட்ட, ஒருவர் கிண்ட, பிள்ளைகள் கொட்டை உரிக்க, அந்த ஒரு மணி நேரத்தில் வரும் பேச்சு வாரம் முழுக்க வராது.

ஏப்ரல், மே காற்றில் உதிரும் மாங்காய் சாலையோரம் மலிவாகக் கிடைக்கும். செந்தூராவும் பெங்களூராவும் உப்பு மிளகாய்த்தூளோடு தின்னப் பொருத்தமானவை. பழுக்க வைக்க நினைத்தால் முற்றின காயாகப் பார்த்து வைக்கோலில் ஒரு வாரம் மூடி வைத்தால் போதும். அடிபட்ட காயைத் தனியே எடுத்துவிடுங்கள், அழுகல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவும்.

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குக் குடும்பத்தோடு போவது நல்ல வெளிப்பயணம். ஆடு, கோழி, தானியம், காய்கறி, கயிறு, கலப்பைச் சாமான் எல்லாம் ஒரே இடத்தில். பிள்ளைகளிடம் ஆளுக்கு 50 ரூபாய் கொடுத்து, பேரம் பேசி எதையாவது வாங்கிவரச் சொல்லுங்கள். காலை பத்துக்குள் போய்விட்டால் வெயிலுக்குமுன் திரும்பலாம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது என்பதால், அந்தப் பஸ் ஓடும் தடமாகப் பார்த்துத் திட்டமிட்டால் பாதிச் செலவு குறையும்.

ஆஃப் நாள் வார நாளில் விழுந்தால் அதை அதிர்ஷ்டமாக நினையுங்கள், கூட்டம் இருக்காது. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கு மாலை நான்கு மணிக்குப் போய், பூங்காவில் பிள்ளைகளை ஓடவிட்டு, வறுத்த மீன் ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்து தின்றுவிட்டு இருட்டுமுன் வந்துவிடலாம். ஒகேனக்கல் தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர். கிளம்பும் நாள் காலையில் காவிரி நீர்வரத்தைச் செய்தியில் பாருங்கள். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் பரிசலுக்கும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். பரிசலுக்கு டிக்கெட் கவுண்ட்டரில் மட்டும் பணம் கட்டுங்கள், உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் ஏறாதீர்கள். பரிசல் செலவு 600 ரூபாய் டப்பாவுக்குள் அடங்காது. அதற்கு இரண்டு மூன்று மாதம் சேர்த்து வைத்துப் போவதே சரி.

எழுதுகிறவர்கள் இங்கே தவறவிடக் கூடாதவை வேறு சில உண்டு. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்களைப் பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனின் சேதியை மிகச் சில சொற்களில் கல்லில் வெட்டியிருப்பார்கள். சொல் சிக்கனத்துக்கு இதைவிட நல்ல பாடம் இந்த மாவட்டத்தில் இல்லை. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் கூரை ஓவியங்களுக்கு அண்ணாந்து பார்க்க அரைமணி ஒதுக்குங்கள். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா மணிமண்டபம் இருக்கிறது. சிறையில் தொழுநோய் தொற்றிய பிறகும் ‘ஞானபானு’ இதழை நடத்தியவர், 1925 ஜூலை 23 அன்று அங்கேதான் இறந்தார். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் ராஜாஜி 1878இல் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அரசியல் பார்த்துக்கொண்டே கதைகள் எழுதியவர் அவர்.

நூலகத்தில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி உறுப்பினர் அட்டை எடுங்கள். முகவரிச் சான்றும் சிறிய வைப்புத்தொகையும் போதும். நான்கு அட்டை இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் புத்தகங்கள் புதிதாக வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஷிப்ட் பார்த்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டு விஷயம் அச்சுக்குப் போகும்போது

சின்ன ஊர் இது. பெயரை மாற்றி எழுதினாலும் ‘இது நம்ம பெரியப்பா வீட்டு நிலத்தகராறுதானே’ என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர் மட்டும் மாறினால் போதாது. ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, சம்பவம் நடந்த மாதம் என்று நான்கையும் மாற்றுங்கள். மனைவியோ கணவரோ அம்மாவோ வரும் எதையும் அனுப்புமுன் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். எடுத்ததால் கெட்டுப்போகும் கதை அபூர்வம், எடுக்காததால் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் நிறைய. வேலை செய்யும் கம்பெனியின் உள் விவகாரம், மெஷின் விவரம், படம் எதுவும் எழுத்தில் வர வேண்டாம். அரசு ஊழியர்கள் நடத்தை விதியைப் பார்த்து, அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

அனுப்புவது

இதழ் எதுவானாலும் அதன் இரண்டு மூன்று பழைய பிரதிகளை நூலகத்தில் படித்து, எத்தனை சொல்லுக்கு வெளியிடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். யூனிகோடில் தட்டி, மின்னஞ்சலின் உள்ளேயே ஒட்டி, கூடவே வேர்ட் கோப்பாகவும் இணையுங்கள். பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் பக்கம் கட்டுகிறவர் திரும்பத் தட்ட வேண்டியிருக்கும், ஒதுக்கிவிடுவார். பெயர், முகவரி, ஃபோன் எண், சொல் எண்ணிக்கை, ‘வேறெங்கும் வெளிவராதது’ என்ற ஒரு வரி, இவை போதும். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பிய தேதியை அதே காலண்டரில் குறித்து, மூன்று மாதம் தள்ளி இன்னொரு குறி போடுங்கள். அதுவரை பதில் இல்லையென்றால் ஒரு வரி எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம். அந்த மூன்று மாதத்தில், வாரத்துக்கு மூன்று அமர்வாக, அடுத்த இரண்டு கட்டுரைகள் நோட்டில் தயாராகியிருக்கும்.